ஸ்க்ரூவை விழுங்காத மெஷின்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி, ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழாமல் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே என் தினப்படி நினைப்பு. நாங்கள் இருவரும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவது வழக்கம். எழுதப் போனால் கை வரவில்லை, நலம் இல்லை என்று எழுதவும் மனசு வரவில்லை, முழுக்கப் படித்துவிட்டு நீயே ஒரு முடிவுக்கு வந்துகொள். பதறாதே, யாரும் படுக்கையில் விழவில்லை, உட்கார்ந்து படி.

இதை நான் எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் தெரியுமா, நீ படம் படமாக அனுப்பி வைத்தாயே வேக்குவம் கிளீனர், அதெல்லாம் வரிசை கட்டி நிற்கிற கடையில். மாடியில் வாங்க வருகிறவர்களுக்கு ஒரு சோபா போட்டிருக்கிறார்கள், அதன் ஓரத்தில் உட்கார்ந்து மடியில் கைப்பையை வைத்து அதன் மேல் தாளை வைத்து எழுதுகிறேன், அதனால் எழுத்து மேடும் பள்ளமுமாக இருந்தால் கண்டுகொள்ளாதே. கடைப் பெண் இரண்டு தடவை வந்து ஏதாவது பார்க்கணுமாம்மா என்று கேட்டுவிட்டாள், விலையைக் குறித்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போனில் சொல்லித் தொலைக்கலாமே என்பாய். நம் வீட்டுப் போன் லட்சணம் உனக்குத் தெரியாதா, நீ கூப்பிட்டதும் அப்பா ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். மெசேஜ் அனுப்பலாம் என்றால் வருவதைப் படித்துச் சொல்வதும் அவர்தான், போவதைத் தட்டி அனுப்புவதும் அவர்தான், ஏனென்றால் என் கண்ணாடி எப்போதும் தேட வேண்டிய இடத்தில்தான் இருக்கும். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறவர் பெண்டாட்டிக்கு ஒரு கண்ணாடி உருப்படியாக வாய்த்ததில்லை. இன்றைக்கு மட்டும் தேடி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

முதலில் எந்த மெஷின் வேண்டும் என்று நீ கேட்டதற்கு வருகிறேன், இல்லாவிட்டால் இந்த அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எதையோ பேசுகிறாள் என்று மருமகளிடம் சொல்லுவாய். நீ அனுப்பியதில் ஒன்று வயரே இல்லாமல் துப்பாக்கி மாதிரி கையில் பிடிப்பது. அது லேசாகத்தான் இருக்கிறது, நான் தூக்கிப் பார்த்தேன், ஆனால் பாதி வீடு பெருக்குவதற்குள் சார்ஜ் இறங்கிவிடுமாம், அப்புறம் மீதி வீட்டை யார் பெருக்குவது. இன்னொன்று தானாகவே தரையில் வட்டம் போட்டு ஓடுவது. அதைப் பார்த்ததும் அப்பா, வீட்டுக்கு ஒரு ஆள் போதாதுன்னு இது வேறயா காலை இடறிவிட என்று சிரித்தார். அப்போது சிரித்தார், இப்போது அந்தச் சிரிப்பு இல்லை, அதற்கு வருகிறேன். பக்கெட் மாதிரி ஒன்று தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சுகிறதாம், அதன் சத்தத்துக்குத் தெருவே எழுந்து வந்துவிடும். உன் அத்தை வாங்கியது அந்த ரகம்தான். வாங்கிய வாரம் வந்தவர் போனவருக்கெல்லாம் ஓட்டிக் காட்டினாள், இப்போது உறை போட்டுப் பரண் மேல் வைத்திருக்கிறாள், அதன் மேல் படிகிற தூசியைத் துணியால் துடைக்கிறாள். நான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்.

எனக்கு மெஷின் வேண்டும் என்பதில் மறுபேச்சு இல்லை. இருமல் நின்றபாடில்லை, பெருக்கின அன்றைக்கெல்லாம் நெஞ்சு கரகர என்கிறது, டாக்டரம்மா துடைப்பத்தைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். முட்டியும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ போன வாரம் என்னைக் கோபித்துக்கொண்டாயே, எத்தனை மாடல் அனுப்பினாலும் ஏதாவது நொட்டை சொல்லித் தட்டிக்கழிக்கிறே, என்னதான்மா உன் பிரச்சினை என்று. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், நான் மென்று முழுங்கினேன். என் பிரச்சினை இழுக்கிற வேகம். நீ ஒவ்வொன்றையும் இது பலமாக இழுக்கும் இது இன்னும் பலமாக இழுக்கும் என்று அனுப்பினாய், எனக்கு வேண்டியிருந்தது அதிகம் இழுக்காத ஒன்று. இப்படி ஒருத்தி கேட்பாளா என்று நினைக்காதே, காரணம் இருக்கிறது.

கடையாக வைத்திருக்கிற நம் முன்னறையை நினைத்துப் பார். கண்ணாடி அலமாரி, கல்லாப் பெட்டி, ஜன்னலோரம் அப்பாவின் வேலை மேஜை, மேஜைக்கு அடியில் அந்தப் பச்சை விரிப்பு. லென்ஸ் கைதவறி விழுந்தால் உடையக்கூடாது என்பதற்காக மெத்துமெத்தென்று பார்த்து வாங்கியது. லென்ஸ் உடையவில்லை, வாஸ்தவம்தான். ஆனால் ஃபிரேமுக்கும் காதில் மாட்டுகிற காம்புக்கும் நடுவில் போடுகிற ஸ்க்ரூ இருக்கிறதே, எறும்புத் தலை அளவு, அது அந்த விரிப்பில் விழுந்தால் சத்தமும் வராது, கண்ணிலும் படாது. சின்ன வயதில் நீ அங்கே விளையாடிவிட்டு வந்தால் உன் முட்டியில் ஒட்டிக்கொண்டு வரும். அப்போதெல்லாம் அபூர்வமாகத்தான் ஒன்று விழும், அவர் கை அப்படி. இப்போது சில மாதமாக நான் பெருக்குகிறபோது துடைப்பத்து நுனியில் மினுக் மினுக் என்று வந்துகொண்டே இருந்தது. முதலில் டப்பா கவிழ்ந்திருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது, கதவோரம் நின்று பார்த்தேன். இடுக்கியில் ஸ்க்ரூவைப் பிடித்துத் துளைக்கு நேரே கொண்டு போகிறார், அந்த வலது கை தனக்கென்று ஒரு மனசு வந்தது போல ஆடுகிறது. டீயைத் திரும்ப அடுப்படிக்கே கொண்டு வந்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

விழுவது அவருக்கே தெரியாதா என்று கேட்பாய். இடுக்கியிலிருந்து நழுவி விழுந்ததா, தட்டிலிருந்தே சரியாக எடுக்கவில்லையா என்று அவருக்கே பிடிபடாது, சத்தம்தான் வராதே, போகட்டும் என்று இன்னொன்றை எடுத்துக்கொள்வார். வேலை மேஜையில் அறை அறையாகத் தடுத்த தட்டு வைத்திருப்பாரே, ஸ்க்ரூ ஒரு அறை, மூக்குத் தாங்கி ஒரு அறை என்று, அதில் ஸ்க்ரூ மளமளவென்று குறைய ஆரம்பித்தது. அதைப் பார்த்து அவர் மனசு விட்டுவிடுவாரே என்று எனக்குப் பயம். அதனால் பெருக்கிக் கிடைத்ததையெல்லாம் ஊதி எடுத்து, அவர் குளிக்கப் போகிற நேரம் பார்த்துத் தட்டில் போட்டுவிடுவேன். கிடைக்காததற்குப் பதிலாக உள்ளே பீரோவில் இருக்கிற புதுப் பாக்கெட்டைப் பிரித்துக் கொஞ்சம் கொட்டிவிடுவேன். தட்டு எப்போதும் நிறைந்தே இருக்கும். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல், பலமாக இழுக்கிற மெஷினை உள்ளே விட்டால் ஸ்க்ரூவெல்லாம் அதன் வயிற்றுக்குள் போய்விடும், அப்புறம் நான் எதை எடுத்துத் தட்டில் போடுவது. இதைச் சொல்ல முடியாமல்தான் உன்னிடம் கனமாக இருக்கிறது, கலர் பிடிக்கவில்லை என்றெல்லாம் சுற்றி வளைத்தேன்.

அதற்குள் நீ அவசரக் குடுக்கை, என்னைக் கேட்காமலே கம்பெனியில் சொல்லி டெமோ காட்ட ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை, நீ நல்லதுக்குத்தான் செய்தாய், ஆனால் வந்தவன் வாய் இருக்கிறதே. டை கட்டிக்கொண்டு வந்தான், நேரே முன்னறைக்குப் போனான், நான் சமையலறையிலிருந்து தொடங்குப்பா, படுக்கையறையிலிருந்து தொடங்குப்பா என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. இல்லம்மா, விரிப்புலதான் எங்க மெஷினோட அருமை தெரியும் என்று பச்சை விரிப்பின் மேல் வைத்து அழுத்தி ஓட்டினான். உள்ளே சடசட என்று சத்தம், சாரல் தகரத்தில் விழுகிற மாதிரி. எனக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். அவனுக்கோ பரம சந்தோஷம். நிறுத்திவிட்டு, பாருங்க சார் உங்க வீட்டு அழுக்கை, இதோட தான் இத்தனை நாள் குடும்பம் நடத்தியிருக்கீங்க என்று சொல்லிக்கொண்டே டப்பாவைக் கழற்றி அப்பாவின் மேஜை மேலேயே ஒரு வெள்ளைத் தாளை விரித்துக் கொட்டினான். சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை. அதற்குள்ளிருந்து ஸ்க்ரூ, ஸ்க்ரூ, ஸ்க்ரூ. அழுத்தி ஓட்டியதில் விரிப்பின் அடிமயிரில் இருந்ததெல்லாம், என் கண்ணுக்கும் துடைப்பத்துக்கும் தப்பியதெல்லாம் வெளியே வந்துவிட்டது.

அப்பா இடுக்கியை எடுத்து அந்தத் தூசியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். இரும்பையே தூக்குது பாருங்க சார் என்கிறான் இவன். அவனை அப்படியே வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போகலாமா என்றிருந்தது எனக்கு. இதெல்லாம் எப்ப விழுந்தது என்று அப்பா என்னைக் கேட்டார். பழசு, வருஷக்கணக்கா சேர்ந்திருக்கும் என்று சொன்னேன். அவர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். தங்க நிறத்தில் இருந்தது. இந்த நிறத்து ஸ்க்ரூ நம்ம கடைக்கு வந்தே கொஞ்ச நாள்தான் ஆகுது என்றார். டெமோக்காரனை, நல்ல மெஷின் தம்பி, யோசிச்சுச் சொல்றோம் என்று மரியாதையாகத்தான் அனுப்பினார்.

அன்றைக்குச் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். இவ்வளவு விழுந்திருக்கு, ஆனா தட்டுல குறையவே இல்லை, எப்படி என்று கேட்டார். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன், அவர் பள்ளிக்கூடப் பையன் கணக்கில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டார். நான்தான் போட்டேன் என்று சொன்னேன். அப்புறம் சொன்னார், நான் என்னன்னு நினைச்சேன் தெரியுமா, மொதல்ல கை ஆடினப்ப பயந்து டாக்டர்கிட்ட போகணும்னு இருந்தேன், அப்புறம் பார்த்தா தட்டுல ஸ்க்ரூ குறையல, சரி, நாமதான் சும்மா பயப்படறோம், கை சரியாயிட்டு வருதுன்னு நினைச்சுப் போகாம இருந்துட்டேன் என்று. அவ்வளவுதான் சொன்னார். எனக்குத் தலையில் யாரோ அடித்த மாதிரி இருந்தது. நான் அவர் மனசைக் காப்பாற்றுகிறேன் என்று தினமும் பார்த்துப் பார்த்துப் போட்டேன் பார், அதுதான் அவரை டாக்டரிடம் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது. யார் மேல் கோபம் என்று தெரியாமல் அந்த டெமோக்காரனைத் திட்டித் தீர்த்தேன்.

மறுநாளிலிருந்து வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அப்பா ஷட்டரைப் பாதிதான் தூக்குகிறார். லென்ஸ் வாங்க வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறார், ரிப்பேர் என்று வந்தால் ஆள் இல்லை என்று அனுப்பிவிடுகிறார், ஆள் அவரே எதிரில் நிற்கிறார். முன்னறையிலிருந்து சமையலறைக்கு வருகிறார், தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போகிறார், ஜன்னலைத் திறக்கிறார், சாத்துகிறார். நான் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எதற்குப் பற்றவைத்தேன் என்று நிற்கிறேன். நேற்றைக்குக் காலையில் திடீரென்று, நம்ம பையன் அனுப்புனதுலயே எது ரொம்பப் பலமா இழுக்குமோ அதையே வாங்கிடு என்றார். ஏன் என்றேன். இனிமே கீழே விழறதுக்கு ஒன்னும் இருக்காது, எவ்வளவு வேணா இழுக்கட்டும் என்றார். கடையை மூடுகிறேன் என்று அவர் வாயால் சொல்லவில்லை. நான் வாங்க வந்திருக்கிறேன், சோபாவில் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். பலமானதை வாங்கிக்கொண்டு போனால் சரி, மூடிவிடுங்கள் என்று நானும் சொன்ன மாதிரி. வாங்காமல் போனால் பழையபடி ஒளித்து விளையாடப் போகிறேன் என்று அவர் நினைப்பார். மெஷின் வாங்க இவ்வளவு யோசித்தவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்திதான்.

கடைப் பெண் மறுபடி வந்தாள். இந்தத் தடவை அவளைத் திருப்பி அனுப்பவில்லை. கைப்பையில் ஒரு தாளில் மடித்துக் கொஞ்சம் ஸ்க்ரூ கொண்டு வந்திருந்தேன், அதை அவர்கள் விரித்து வைத்திருக்கிற கம்பளத்தில் கொட்டினேன். பேய் முழி முழித்தாள். தூசியை எடுக்கணும், இதை எடுக்கக் கூடாது, அப்படி ஒரு மெஷின் காட்டும்மா என்றேன். எடுக்காத மெஷின் வேணும்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேம்மா என்றாள் பாவம். வயர் இல்லாதது எடுத்தது, பக்கெட் மாதிரி இருந்ததும் எடுத்தது, இருப்பதிலேயே மலிவானது கூட எடுத்தது. ஒவ்வொரு தடவையும் டப்பாவைத் திறந்து தூசியில் கைவிட்டு ஸ்க்ரூவைப் பொறுக்கி எனக்குத் திருப்பிக் கொடுத்தாள், முகம் சுளிக்கவில்லை, நல்ல வளர்ப்பு. கடைசியாக அப்பா சொன்ன அந்தப் பலமானதைப் போட்டாள், அது ஸ்க்ரூவை எடுத்த கையோடு என் மடியிலிருந்த கைக்குட்டையையும் பிடித்துக்கொண்டது. குழாய் வாயில் கைக்குட்டை டிரம் மாதிரி விறைப்பாக ஒட்டி நிற்கிறது. அவள் பதறி அதைப் பிடுங்க வந்தாள், இரு இரு என்று கையைப் பிடித்து, குழாயை அப்படியே கம்பளத்தில் வைக்கச் சொன்னேன். கம்பளத்தில் மிச்சம் இருந்த ஸ்க்ரூ வந்து கைக்குட்டையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, உள்ளே போகவில்லை. நிறுத்தச் சொன்னேன். தாளில் பொலபொலவென்று உதிர்ந்தது. கைக்குட்டை கெட்டியா இருக்கு, தூசி போகாதும்மா, வலைத்துணி மாதிரி மெல்லிசா இருந்தா தூசி உள்ள போயிடும் இது வெளிய நிக்கும் என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். ஆக எந்த மெஷினாக இருந்தாலும் ஆகும், வாயில் ஒரு துணி கட்டினால் போதும். இத்தனை நாள் நீயும் நானும் போனில் மல்லுக்கு நின்றோமே, அதற்கு ஒரு முழத் துணி பதில். பலமானதும் இல்லாமல் நோஞ்சானும் இல்லாமல், நீளக் குழாய் வைத்து, குனியாமல் தள்ளுகிற மாதிரி லேசான ஒன்றைக் கட்டச் சொல்லியிருக்கிறேன். பில் போடுகிறாள், மீதியை வீட்டுக்குப் போய் எழுதுகிறேன்.

மேலே எழுதியது கடையில், இது வீட்டில், மறுநாள் பகல். மெஷினைக் கொண்டு வந்து இறக்கியதும் அப்பா பெட்டியைப் படித்துவிட்டு நான் சொன்னது இது இல்லையே என்றார். இல்லைதான் என்றேன். மருந்துக் கடையில் கொசுவலைத் துண்டு மாதிரி ஒரு மெல்லிய துணி கிடைத்தது, அதைக் குழாய் வாயில் வைத்து ரப்பர் பேண்ட் போட்டுக் காட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. என்னை ஏமாத்தறதுக்கு இது புது வழியா என்று கேட்டார். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நீ கேட்டிருக்க மாட்டாய். நானும் விடவில்லை, நான் ஓட்டப் போறதில்லை, நீங்களே ஓட்டுங்க, எவ்வளவு விழுதுன்னு நீங்களே பாருங்க, கூடுதா குறையுதான்னு டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க, கடையை மூடறதா இருந்தா அதையும் தெரிஞ்சுக்கிட்டு மூடுங்க, நான் இனிமே அந்தத் தட்டுப் பக்கம் வரமாட்டேன் என்று கத்தினேன். மாடி வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள், மெஷின் சத்தமா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். அதற்கப்புறம் ராத்திரிச் சாப்பாட்டில்தான் வாய் திறந்தோம். இன்னும் கொஞ்சம் குழம்பு என்பதோடு சரி.

இன்றைக்குக் காலையில் பாதி ஷட்டருக்கு அடியில் குனிந்து ஒருவர் உள்ளே வந்தார், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், உனக்கும் ஓட்டியிருக்கிறார். கண்ணாடி ஒரு கையில், அதன் காம்பு ஒரு கையில். பிள்ளைகளை இறக்கிவிட்ட இடத்தில் காம்பு கழன்று, நடந்தே வந்தாராம், சாயங்காலம் திரும்பக் கூட்டிப் போகணும், இது இல்லாம ஸ்டியரிங்கைத் தொட முடியாது என்றார். நான் உள்ளே கதவோரம் நின்றுவிட்டேன். ஆள் இல்லை என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அப்பா சொன்னார், எனக்குக் கை நடுங்குதுங்க, சீக்கிரம் முடியாது, வேற கடைக்குப் போறீங்களா என்று. வெளி ஆளிடம் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது இதுதான் முதல் தடவை. என்னிடமே நடுக்கம் என்று சொன்னதில்லை, கை ஆடினது என்றுதான் சொன்னார். அந்த மனுஷர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கண்ணாடி இல்லாம நான் வேற கடையை எங்கேன்னு தேடுவேன், நீங்க மெதுவாப் போடுங்க என்றார்.

அப்பா போட்டார். விழுந்தது. இன்னொன்று எடுத்தார், அதுவும் விழுந்தது. பஸ்காரர் உதவி செய்கிறேன் என்று விரிப்பில் மண்டியிட்டுத் தடவ ஆரம்பித்துவிட்டார், கண் தெரியாத மனுஷர் ஸ்க்ரூவைத் தேடுகிறார், நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினேன், சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. அப்பா அவரை எழுப்பி உட்கார வைத்துவிட்டு, மூலையில் நான் வைத்திருந்த மெஷினை இழுத்து வந்தார். வலைத்துணி சரியாகக் கட்டியிருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்தார். ஓட்டினார். நிறுத்தித் துணியை உதறி, விழுந்ததையெல்லாம் தன் கையாலேயே தட்டில் போட்டார். அப்புறம் முழங்கையை மேஜையில் ஊன்றி, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் ஆயிற்று. நான் அடுப்பில் வைத்தது அடிப்பிடித்து வாசனை வந்தும் நகரவில்லை. ஸ்க்ரூ உள்ளே போயிற்று. பஸ்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் பார்த்தது என்னைத்தான், அட நீங்க இங்கயா நின்னீங்க என்றார்.

அவர் போனதும் அப்பா ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டார். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. ஃபிரேமே இல்லாத கண்ணாடி, மயிரிழை மாதிரி ஸ்க்ரூ வருமே, அதை இனிமேல் தொடுவதில்லை, பஸ் ஸ்டாண்டுக் கடைக்கு அனுப்பிவிடுவது என்று அவரே முடிவு செய்துவிட்டார், அதைச் சொல்லும்போது முகம் வாடித்தான் இருந்தது. நரம்பு டாக்டரிடம் வருகிற வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியாகிவிட்டது, அவரே போன் செய்தார், நான் பக்கத்திலிருந்து ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். டாக்டர் என்ன சொல்வாரோ. மருந்தில் அடங்குகிற நடுக்கம் என்றால் நல்லது, வேறு ஏதாவது பெரியதாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்து நினைத்து உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை, இந்த ஒரு பக்கத்தை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து முன்னறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். வேலையாகத்தான் இருக்கிறார்.

நீ இதைப் படித்ததும் உடனே போனை எடுத்து, கடையை மூடிட்டு இங்க வந்துடுங்கப்பா, ஓய்வா இருங்கப்பா என்று தொடங்காதே. அது பாசம்தான், ஆனால் அவருக்கு அது வேறு மாதிரி கேட்கும். என்னிடம் தனியாக அப்பா எப்படி இருக்கார் என்று குசுகுசுக்கவும் வேண்டாம், அந்த வேலையை நான் ஒருத்தி செய்து பார்த்ததே போதும். கை எப்படி இருக்குப்பா என்று அவரிடமே கேள், அவர் சொல்வார். மருமகளுக்கு ஜலதோஷம் என்றாயே, ஆவி பிடிக்கச் சொல். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, உனக்குக் காதில் காற்று பட்டால் ஆகாது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் போனைப் பார்க்காதே, கண்ணாடிக்காரர் பிள்ளை என்று கண் உனக்குச் சலுகை தராது. என் இருமல் தேவலை, மெஷினை அப்பாதான் ஓட்டுகிறார், நான் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு அந்த மூலை விட்டுப்போச்சு என்று சொல்கிறேன். இருவரும் நூறு வயது நன்றாக இருங்கள், நினைத்ததெல்லாம் கைகூடட்டும்.

இவ்வளவும் எழுதி மடிக்கப் போகிற நேரத்தில் அப்பா வந்து நின்றார். பையனுக்கா என்றார். இனிமேல் எதையும் ஒளிப்பதில்லை என்று அவர் கையிலேயே கொடுத்தேன். நின்றபடியே முழுக்கப் படித்தார், டெமோக்காரன் வருகிற இடத்தில் கொஞ்சம் சிரித்தார். அடியில இடம் விடு, நானும் கையெழுத்துப் போடறேன் என்றார். நீங்க எதுக்கு, வியாழக்கிழமைக்கு அப்புறம் போன்லயே பேசிக்கலாமே என்றேன். அதற்கு அவர், போன்ல நான் நல்லா இருக்கேன்னு சொல்லிடுவேன், குரல் நடுங்காது, அவனும் நம்பிடுவான், இதுல பொய் சொல்ல முடியாது என்றார். அதனால் கீழே என் கையெழுத்துக்கு அடியில் கோணல்மாணலாக இருப்பது பேனாக் கோளாறு என்று நினைத்துவிடாதே. வேறு தாள் தரட்டுமா, திரும்பப் போடறீங்களா என்று கேட்டேன், வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா

உ ன்
அ ப் பா